ஜிம்மிக்கு வாலிப வயசு!

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்:

“எங்கள் வீட்டு நாய்க்கு 8 மாதம் ஆகிறது. ‘உட்கார்’, ‘இரு’, ‘வா’ எல்லாம் 5 மாதத்திலேயே சமர்த்தாகக் கற்றுக்கொண்டது. இப்போது பயிற்சிக்கென்று கயிற்றைக் கையில் எடுத்தாலே போதும், ஒரே ஆட்டம்! மேலே தாவுகிறது, முந்தானையைக் கவ்வி இழுக்கிறது, கயிற்றைக் கடிக்கிறது. கத்தினால் ஆட்டம் இன்னும் ஜாஸ்தியாகிறது. இரண்டடி போட்டேன், அதையும் விளையாட்டு என்று நினைத்துக் குதிக்கிறது. வீட்டில் 2 வயசுக் குழந்தை இருக்கிறாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்ய?”

கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வயிற்றில் ஒரு கலக்கமும் வந்தது. எங்கள் வீட்டுக் கதையை அப்படியே யாரோ எழுதி அனுப்பியது போல இருந்தது. ஆகவே இந்த இதழில் ஊறுகாயும் உப்புமாவும் ஒருபக்கம் இருக்கட்டும். எங்கள் ஜிம்மியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஐப்பசி மழையில் நனைந்துகொண்டு சாக்கடை ஓரம் கிடந்த குட்டியை, சட்டைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான் என் மகன். ஒன்றரை மாதக் குட்டி. சாதாரண நாட்டு நாய்தான். பால் குடித்தது, தூங்கியது, வளர்ந்தது. பொங்கலுக்குள் ‘உட்கார்’ என்றால் உட்கார்ந்தது. “நம்ம ஜிம்மி ரொம்பப் புத்திசாலி” என்று அக்கம்பக்கத்தில் நான் பீற்றிக்கொண்டதற்குக் கணக்கே இல்லை.

பங்குனி பிறந்தது. ஜிம்மிக்கு என்ன ஆயிற்றோ! கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடினான். ‘உட்கார்’ என்றால் என் தோள் உயரத்துக்குத் தாவினான். என் நாலு புடவையின் முந்தானை கந்தலானது.

சித்திரைத் திருவிழா சமயம். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முதல் நாள். ஊரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. என் மாமியார் பலகாரத் தட்டோடு வாசல் பக்கம் வந்தார். ஜிம்மி பாய்ந்தான். அத்தை படியில் சரிந்து விழுந்தார். மணிக்கட்டில் வீக்கம், முழங்கையில் நகம் கீறிய கோடு.

‘தடுப்பூசி போட்ட நாய்தானே’ என்று நாங்கள் அலட்சியமாக இருக்கவில்லை. கீறலைக் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் 70 வயசுக்காரர் அந்தப் படியில் தலை மோதி விழுந்திருந்தால்? அதை நினைத்து இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

“ஞாயித்துக்கிழமை என் நண்பரோட தோட்டத்துல கொண்டுபோய் விட்டுடலாம். இனிமே பேச்சே கிடையாது” என்றார் என் கணவர். மகன் ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை.

“என்னங்க, எனக்கு ரெண்டு மாசம் டயம் குடுங்க” என்றேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள், கட்டுப் போட்ட கையோடு அத்தை சொன்னார்: “ரெண்டு மாசம் பாரேன்டா. வாயில்லா ஜீவன். வேணும்னா என்னைத் தள்ளிவிட்டுச்சு?”

சகோதரிகளே, மாமியாரைப் பற்றி நாம் என்னவெல்லாமோ பேசுகிறோம். அன்றைக்கு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

‘நீங்கதாம்மா ஆடுறீங்க!’

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருக்கிறார். மோப்ப நாய்ப் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவர். அவரிடம் போய் நின்றேன். “நீங்க எப்பவும் போல பழக்குங்க, நான் பாக்குறேன்” என்று காம்பவுண்டுச் சுவர்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் ஐந்தரை மணி. தெருவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் கையில் பிஸ்கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “உட்காரு... உட்காரு... டேய், உட்காருடா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஜிம்மி தாவ, நான் பின்னால் நகர, அவன் கயிற்றைக் கவ்வ, நான் இழுக்க, ஒரே ஜல்லிக்கட்டு!

ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நாய் ஒழுங்காத்தாம்மா இருக்கு. நீங்கதாம்மா ஆடுறீங்க!”

எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நிஜம். நாம் கையை ஆட்டுவது, பின்னால் துள்ளுவது, கத்துவது எல்லாமே நாய்க்கு ‘வா, விளையாடலாம்’ என்ற அழைப்புதான். கயிற்றை இழுத்தால் அது கயிறு இழுக்கும் போட்டி. கத்தினால், நாமும் சேர்ந்து குரைக்கிறோம் என்று அதற்கு ஒரே குஷி!

ஏன் இந்த ஆட்டம்?

மனுஷப் பிள்ளைகளுக்கு 13, 14 வயசு வருகிற மாதிரி, நாய்க்கும் ஒரு வாலிப வயசு உண்டு. ஏறக்குறைய 6 மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயசு வரை அது நீடிக்கலாம். உடம்பு பெரிய நாய் போல வளர்ந்துவிடும். ஆசையை அடக்கிக்கொள்கிற பக்குவம் மட்டும் வந்திருக்காது.

பிரிட்டனில் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சிலரோடு சேர்ந்து இதைப் பரிசோதித்து, 2020-ல் வெளியிட்டார்கள். 5 மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த நாய்கள், 8 மாதத்தில் வளர்ப்பவர் சொன்னால் கேட்க மறுத்தன. வேடிக்கை என்னவென்றால், அதே நாய்கள் அந்நியர் சொன்னால் கேட்டன! நம் வீட்டுப் பிள்ளை நம்மை எதிர்த்துப் பேசிவிட்டு, பக்கத்து வீட்டு மாமி சொன்னால் கடைக்கு ஓடுகிறதே, அதே கதைதான். இது சில மாதங்களில் கடந்து போகிற பருவம். ஆனால் இந்தச் சமயத்தில்தான் பல வீடுகளில் நாய் தெருவுக்கு வருகிறது. அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

இன்னொரு காரணம், களைப்பு. தூக்கம் போதாத குழந்தை ராத்திரி எட்டு மணிக்கு எப்படிக் குதிக்கும்? இளம் நாயும் அப்படியே. பகலிலும் சேர்த்து அதற்கு நிறையத் தூக்கம் வேண்டும். எங்கள் வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை யாராவது ஒருவர் அவனைச் சீண்டிக்கொண்டே இருந்தோம். மத்தியானம் 12 முதல் 3 வரை, பின்கட்டில் நிழலான மூலையில் தொந்தரவில்லாமல் படுக்க விட்டதுமே பாதி ஆட்டம் அடங்கிவிட்டது.

பயிற்சிக்கு முன்னால்

முதல் வேலை, நேரத்தைக் குறைத்தேன். முன்பு அரை மணி பிடித்து உலுக்குவேன். இப்போது ஒரு தடவைக்கு 3 நிமிஷம், மிஞ்சினால் 5. ஒரு நாளைக்கு மூன்று தடவை. பால் காய்கிற நேரம் போதும்!

இரண்டாவது, இடத்தை மாற்றினேன். முதலில் கதவு சாத்திய அறை. அங்கே ஒழுங்காகக் கேட்ட பிறகு பின்கட்டு. அதன் பிறகு வாசல். தெருவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். வாய்ப்பாடு படிக்கிற பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டால் சொல்லுமா?

மூன்றாவது, பயிற்சிக்கு முன்பு 10 நிமிஷம் மெதுவாக நடத்திக்கொண்டு போய், மரத்தடி, சுவர் ஓரம் என்று அவன் ஆசைதீர மோந்து பார்க்க விட்டேன். மோப்பம் பிடிப்பது நாயின் மனசை அமைதிப்படுத்தும். வெயில் ஏறும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். உங்கள் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும்.

நாலாவது, பரிசு. பட்டாணி அளவுதான் இருக்க வேண்டும். வேகவைத்த கோழித் துணுக்கு, அவித்த முட்டை, கேரட், சப்பாத்தித் துணுக்கு, எதுவானாலும் சரி. அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்ந்த திராட்சை, வெங்காயம், பூண்டு இவை நாய்க்கு விஷம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதையும் போடாதீர்கள்.

சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே பரிசு கிடைக்க வேண்டும். அவன் உட்கார்ந்த பிறகு நாம் டப்பாவைத் திறந்து தேடிக்கொண்டிருந்தால், அதற்குள் எழுந்து தாவிவிடுவான். தாவியதற்குத்தான் பரிசு என்று எண்ணிக்கொள்வான். சொல்லையும் ஒரே தடவை, மெல்லிய குரலில் சொல்லுங்கள். நாய்க்கு நம்மைவிடக் காது கூர்மை. ஒன்பது தடவை கத்தினால், ஒன்பதாவது தடவைக்குத்தான் உட்கார வேண்டும் என்று அது கற்றுக்கொள்ளும்.

தாவினால்...

ஆட்டம் திடீரென்று வருவதாக நமக்குத் தோன்றும். கவனித்துப் பார்த்தால் முன்கூட்டியே அடையாளம் தெரியும். ஜிம்மிக்குக் கண் அகலமாகும். பரிசைக் கொடுத்தால் மெதுவாக எடுப்பவன் விரலையும் சேர்த்துக் கவ்வுவான். அதுதான் எச்சரிக்கை. அந்தச் சமயம் புதிதாக எதுவும் கேட்கக் கூடாது. நாலைந்து துணுக்கைத் தரையில் சிதறவிட்டு, ‘தேடு’ என்பேன். மூக்கைத் தரையில் வைத்துத் தேடுகிற நாயால் மேலே தாவ முடியாது! தேடி முடிப்பதற்குள் சூடு தணிந்துவிடும். ஆனால் தாவிய பிறகு இப்படிப் போடாதீர்கள். முன்னாலேயே போட வேண்டும்.

அதையும் மீறித் தாவிவிட்டால்? கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, தூண் மாதிரி நின்றுவிடுங்கள். பேச்சு கூடாது, தள்ளுவது கூடாது, கண்ணைப் பார்ப்பதும் கூடாது. நாலு காலும் தரையில் பட்ட அந்த வினாடியில், பரிசைக் குனிந்து அதன் முகவாய்க்குக் கீழே கொடுங்கள். உயரத்தில் நீட்டினால் நாமே தாவச் சொன்னது போலாகும். ரொம்ப முரட்டுத்தனமாகப் பாய்கிற நாயாக இருந்தால், கயிற்றைக் காலால் மிதித்துக்கொள்ளுங்கள். நிற்கவும் உட்காரவும் வசதியாகத் தளர்வு இருக்க வேண்டும். மேலே எம்ப மட்டும் முடியாதபடி இருந்தால் போதும்.

கயிற்றைக் கடித்தால் இழுக்காதீர்கள். அப்படியே அசையாமல் நில்லுங்கள். எதிர்ப்பு இல்லாவிட்டால் விளையாட்டில் சுவாரஸ்யம் இல்லை, தானாக விட்டுவிடும். விட்டதும் நடையைத் தொடருங்கள். பழைய துண்டை முறுக்கி முடிச்சுப் போட்டு, ‘இதைக் கவ்விக்கோ’ என்று கொடுப்பதும் நல்ல வழி. ஜிம்மி கொஞ்ச நாள் வாயில் துண்டோடுதான் தெருவில் நடந்தான். பையன்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்!

முக்கியமான ஒரு விஷயம். இப்படிக் கண்டுகொள்ளாமல் நின்றால், முதல் சில நாள் ஆட்டம் குறையாது, கூடும்! இதுவரை தாவினால் பலன் கிடைத்ததே, இன்னும் பலமாகத் தாவிப் பார்ப்போம் என்று நாய் முயற்சி செய்யும். கடைவாசலில் மிட்டாய்க்கு அழுகிற குழந்தை, நாம் அசையவில்லை என்றால் தரையில் புரளுகிறதே, அது மாதிரி. ஐந்தாம் நாள் என் கை முழுக்கக் கீறல். ‘போதும் சாமி, தோட்டத்துக்கே போகட்டும்’ என்று உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு நான் விட்டிருந்தால், ‘பலமாகத் தாவினால் ஜெயிக்கலாம்’ என்பதுதான் அவன் கற்ற பாடமாக இருந்திருக்கும். எட்டாம் நாளிலிருந்து குறைய ஆரம்பித்தது.

குற்றவாளி யார்?

இவ்வளவு செய்தும், சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் ஜிம்மி பழையபடி பேயாட்டம் ஆடினான். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆபீஸிலிருந்து வந்த என் கணவர், வாசலில் நெஞ்சைத் தட்டி, “வாடா சிங்கம், வா!” என்கிறார். அவன் இரண்டு காலையும் தூக்கி அவர் நெஞ்சில் வைக்கிறான். அவர் கட்டிக்கொண்டு கொஞ்சுகிறார்!

“நாயைக் கொண்டுபோய் விடணும்னு சொன்னதும் நீங்க, தாவக் கத்துக் குடுத்ததும் நீங்களா?” என்று கேட்டேன். மனுஷர் அசடு வழிந்தார்.

அப்பாவிடம் தாவலாம், அப்பத்தாவிடம் தாவக் கூடாது என்று நாய்க்கு எப்படித் தெரியும்? வீட்டில் எல்லோருக்கும் ஒரே சட்டம் இருக்க வேண்டும். அதே சொல்லைத்தான் எல்லோரும் சொல்ல வேண்டும். ஒருவர் ‘உட்கார்’, இன்னொருவர் ‘ஸிட்’, மூன்றாமவர் ‘உக்காருடா கண்ணு’ என்றால் பாவம், அது என்ன செய்யும்? ஐந்து சொற்களை ஒரு காகிதத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

சாக்கு வைத்தியம்

எங்களுக்கு அதிகப் பலன் கொடுத்தது இதுதான். பழைய அரிசிச் சாக்கை நாலாக மடித்துக் கூடத்தின் மூலையில் போட்டேன். ஜிம்மி தற்செயலாக அதன்மேல் நின்றால் ஒரு துணுக்கு. உட்கார்ந்தால் ஒன்று. படுத்தால் இரண்டு. பேசாமல், சத்தம் காட்டாமல், சாக்கின்மேல் வைத்துவிட்டு வருவேன். ஒரு வாரத்தில் சாக்கை விரித்தாலே போய்ப் படுத்தான். பிறகு ‘சாக்கு’ என்ற சொல்லைச் சேர்த்தேன். அதன் பிறகு காலிங் பெல் அடித்தால் சாக்கு, இலை போட்டால் சாக்கு, விருந்தாளி வந்தால் சாக்கு.

நாம் பொதுவாக நாய் ஆடும்போது கவனிக்கிறோம். அது சும்மா படுத்திருக்கும்போது ‘அப்பாடா’ என்று நம் வேலையைப் பார்க்கிறோம். அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம்!

இதில் யார் கெட்டிக்காரி என்று நினைக்கிறீர்கள்? என் மாமியார்தான். அவர் குரலை உயர்த்துவதில்லை. வேகமாகக் கையை ஆட்டுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “சாக்கு” என்பார். படுப்பான். ஒரு கேரட் துணுக்கு போகும். கீரை ஆய்ந்து முடிகிற வரை ஜிம்மி அசையமாட்டான். முதல் இரண்டு வாரம் கயிற்றின் மறுமுனையை என் மகன் பிடித்துக்கொண்டான். அத்தை மேல் மறுபடி பாய விடுவது கூடாதல்லவா?

இவை கூடாது

அடிப்பது, மூக்கில் தட்டுவது, முழங்காலால் நெஞ்சில் இடிப்பது, கழுத்தை இறுக்குகிற சங்கிலி இவற்றை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஒன்று, விளையாட்டென்று நினைத்து ஆட்டம் கூடும். இல்லாவிட்டால் கையைக் கண்டாலே பயம் வந்துவிடும். பயந்த நாய்தான் கடிக்கும். நாளைக்கு அதே கையைக் குழந்தை நீட்டினால்? எதிர் வீட்டுக்காரரே சொன்னார்: “எங்க மோப்ப நாயெல்லாம் ஒரு பந்துக்காகத்தாம்மா வேலை செய்யும்.”

ஆட்டம் வேறு, கோபம் வேறு. ஆட்டத்தில் நாயின் உடம்பு வளைந்து நெளியும். அதை விட்டுவிட்டு, உடம்பு விறைத்து, முறைத்துப் பார்த்து உறுமினாலோ, சாப்பாட்டுத் தட்டருகே யாரையும் விடாவிட்டாலோ, சாதுவாக இருந்தது திடீரென்று மாறினாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எங்காவது வலி இருந்தாலும் அப்படிச் செய்யும்.

வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயசில் தொடங்கி, மருத்துவர் சொல்கிறபடி தவறாமல் போடுங்கள். வெறிநோய் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை என்றே சொல்ல வேண்டும். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் அப்பாதீர்கள்.

திருச்சி சகோதரிக்கு

உங்கள் வீட்டில் 2 வயசுக் குழந்தை இருப்பதால் தனியாக ஒரு வார்த்தை. எவ்வளவு நல்ல நாயானாலும், குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடாதீர்கள். அடுப்பைப் பார்க்கப் போகிறீர்களா? குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்ளுங்கள். அல்லது நாயை இன்னோர் அறையில் விடுங்கள். நடுவில் மரத் தடுப்பு வைப்பதும் நல்லது. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் ‘மர விளையாட்டு’ சொல்லிக் கொடுங்கள்: நாய் துள்ளி வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கையைச் சேர்த்துக்கொண்டு, தன் பாதத்தைப் பார்த்தபடி மரம் மாதிரி நிற்க வேண்டும். என் நாத்தனார் பிள்ளைகளுக்கு இதைத்தான் கற்றுக் கொடுத்தேன்.

எவ்வளவு முயன்றும் முடியவில்லை என்றால், நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு வீட்டைத் தேடிக் கொடுப்பதில் தப்பில்லை. தெருவில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அதற்கு முன்பு உங்கள் கணவரிடம் இரண்டு மாசம் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு ஜன்னல் வழியாகவும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்!

எங்களுக்கு ஒன்பது வாரம் ஆயிற்று. ஆடி மாசம் நாத்தனார் மறுபடி வந்தார். வாசலில் ஆட்டோ நின்றதும் என் நெஞ்சு படபடத்தது. அத்தை எழுந்து கதவைத் திறக்கப் போனார். ஜிம்மி எழுந்தான். உடம்பெல்லாம் நெளிந்தது. வால் சுவரில் படபடவென்று அடித்தது. அத்தை திரும்பிப் பார்த்து, “சாக்கு” என்றார், காய்கறிக்காரரிடம் விலை கேட்கிற குரலில்.

அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்ப் படுத்தான்.

தோட்டத்து நண்பர் வேறு நாய் வளர்க்கிறாராம். என் கணவர் இப்போது வாசலில் கையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருகிறார். அவரைப் பழக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது!